சிசிஆர்7 எதிர்ப்பொருள்: டி செல்களில் தெளிவான பிரிவு கிடைக்கவில்லை, எந்தக் குளோனை நம்பலாம்?

கேள்வி
எழுதியவர்: நிணமுடிச்சு

வணக்கம். நான் சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நோய் எதிர்ப்பியல் பிரிவில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவன். முதியவர்களின் இரத்தத்தில் உள்ள நினைவு டி செல்களை வகைப்படுத்துவது என் வேலை. செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி45ஆர்ஏ என்ற அடையாளப் புரதம் ஒரு பக்கமும், கீமோகைன் எனும் வழிகாட்டும் சமிக்ஞைப் புரதங்களை உணரும் சிசிஆர்7 ஏற்பி இன்னொரு பக்கமுமாக வைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால், இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத நைவ் செல்கள், மைய நினைவு செல்கள், செயல் நினைவு செல்கள், சிடி45ஆர்ஏ-வை மீண்டும் ஏற்றுக்கொண்ட முதிர்ந்த செயல் செல்கள் என நான்கு கூட்டங்கள் நான்கு மூலைகளில் நிற்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். 1999-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு இந்த வகைப்பாட்டையே எல்லாரும் பின்பற்றுகிறார்கள்.

என் படத்தில் நான்கு கூட்டங்கள் தெரியவில்லை. சிடி45ஆர்ஏ நன்றாகப் பிரிகிறது. சிசிஆர்7 பக்கம் ஒரே சரிவாக இருக்கிறது. எங்கே கோடு போடுவது என்று முடிவெடுக்க ஒரு பள்ளம்கூட இல்லை. இளம் வயதுக் கொடையாளர் ஒருவரின் இரத்தத்திலும் இதே கதைதான்: சிடி45ஆர்ஏ உள்ள சிடி4 செல்களில் பாதிக்கு மேல் சிசிஆர்7 இல்லாதவை என்று கணக்கு வருகிறது. இது நடக்கவே முடியாது என்பது எனக்கும் தெரிகிறது.

நான் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் மருந்தகத்தில் எடுக்கப்படும் இரத்தம், ஐஸ் பெட்டியில் வைத்து வாடகைக் காரில் எங்களிடம் வருகிறது. ஃபைகால் என்னும் அடர்த்தியான கரைசலின் மேல் ஊற்றிச் சுழற்றி ஒற்றை உட்கரு செல்களைப் பிரிக்கிறேன். பிறகு பதினொரு எதிர்ப்பொருள்களையும் ஒன்றாகக் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, இருமுறை கழுவி, கருவியில் ஓட்டுகிறேன். சிசிஆர்7-க்கு 150503 குளோன் (குளோன் என்பது ஒரே மூலச் செல்லின் வழிவந்த எதிர்ப்பொருள் வகை), எஃப்ஐடிசி சாயத்துடன் வாங்கியது. பிஇ, ஏபிசி எனும் பிரகாசமான சாயங்கள் இரண்டும் சிடி4, சிடி8 ஆகியவற்றுக்குப் போய்விட்டன. கேட் போடுவதற்கு, அதாவது உள்ளவை, இல்லாதவை என்று பிரிக்கும் கோட்டைப் போடுவதற்கு, அதே வகையைச் சேர்ந்த, ஆனால் சிசிஆர்7-ஐப் பற்றாத ஐசோடைப் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறேன். குப்பியின் தாளில் சொல்லியிருக்கும் அளவையே போடுகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒருவர் ஜி043எச்7 குளோனுக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர் 3டி12-தான் சரி என்கிறார். நூறு பரிசோதனைக்கான ஒரு குப்பியே சில நூறு வெள்ளி ஆவதால், மூன்றையும் வாங்கிப் பார்க்கிறேன் என்று என் மேற்பார்வையாளரிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சிசிஆர்6, சிஎக்ஸ்சிஆர்3, சிஎக்ஸ்சிஆர்5 ஆகியவற்றையும் அடுத்த தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதால், இந்த ஏற்பிகளுக்கான எதிர்ப்பொருள்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சோதிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: ஓட்டமானி

வணக்கம். பொதுப் பயன்பாட்டுக்கான சைட்டோமெட்ரி கருவிக்கூடம் ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். உங்கள் கேள்வியைப் போல மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். குளோனை மாற்றும் முன்பு நீங்கள் மாற்ற வேண்டியவை வேறு இருக்கின்றன. 150503 நல்ல குளோன்தான். குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

முதலில் வெப்பநிலை. சிடி4, சிடி8 போன்ற மூலக்கூறுகள் ஓய்விலிருக்கும் செல்லின் மேற்பரப்பில் ஓரளவு நிலையாக நிற்பவை. கீமோகைன் ஏற்பிகளின் வாழ்க்கை அப்படிப்பட்டதல்ல. அவை மேற்பரப்புக்கும் செல்லின் உட்பகுதிக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கின்றன. 4 டிகிரியில் வைத்தால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. அந்த நொடியில் வெளியே எத்தனை ஏற்பிகள் இருந்தனவோ அவற்றோடு மட்டுமே உங்கள் எதிர்ப்பொருள் பிணைய முடியும், அதுவும் குளிரில் மெதுவாகத்தான். 37 டிகிரியில் வைத்தால் உள்ளேயிருந்து திரும்பி வரும் ஏற்பிகளும் எதிர்ப்பொருளிடம் சிக்கிக்கொள்கின்றன, பிணைப்பும் விரைவாக நடக்கிறது. சிசிஆர்7-இல் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எலிகளுக்குப் பயன்படுத்தும் 4பி12 குளோனுக்கும் இது பொருந்தும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். செல்களைக் கழுவி எடுத்ததும், எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் எஃப்சி ஏற்பிகளை அடைக்கும் கரைசலைப் போட்டு, சிசிஆர்7 எதிர்ப்பொருளை மட்டும் சேர்த்து, 37 டிகிரி வாட்டர் பாத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காற்று இன்குபேட்டரில் வைத்தால் குழாய் சூடாவதற்கே பல நிமிடங்கள் போய்விடும். வாட்டர் பாத்தில் குழாயின் அடிப்பாகம் முழுவதும் நீரில் மூழ்கியிருக்குமாறு வைத்தால் உடனே சூடேறும். மூடியின் விளிம்பில் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் மற்ற பத்து எதிர்ப்பொருள்களையும் சேர்த்து, வழக்கம்போல அறை வெப்பநிலையிலோ குளிரிலோ முடித்துக்கொள்ளலாம். இந்த முதல் கட்டத்தில் சோடியம் அசைடு கலந்த கரைசலைத் தவிர்த்துவிடுங்கள். செல்லின் ஆற்றல் உற்பத்தியை அசைடு தடுத்துவிடும். நாம் 37 டிகிரிக்குப் போவதே அந்தப் போக்குவரத்து நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். நேரத்தையும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள், ஏனென்றால் மோனோசைட்டுகள் வெதுவெதுப்பில் கண்டதையும் விழுங்கும்.

இரண்டாவது, சாயம். உங்கள் தொகுப்பில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். சிடி4, சிடி8 இரண்டும் செல்லின் மீது ஏராளமாக இருப்பவை. மங்கலான சாயம் கொடுத்தாலும் தனியே தெரியும். சிசிஆர்7 குறைவாக இருப்பது. அதற்கு எஃப்ஐடிசி கொடுத்திருக்கிறீர்கள். பச்சை ஒளிப் பகுதியில் செல்களின் இயல்பான ஒளிர்வே அதிகம், குறிப்பாக மோனோசைட்டுகளிலும் இறந்த செல்களிலும். குறைவாக உள்ள ஏற்பிக்குப் பிரகாசமான சாயம், நிறைய உள்ளதற்கு மங்கலான சாயம் என்று மாற்றி அமையுங்கள். சிசிஆர்7-க்கு பிஇ அல்லது பிவி421 கொடுங்கள். சிடி4, சிடி8-ஐ மங்கலான சாயங்களுக்குத் தள்ளுங்கள். பிவி வகைச் சாயங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் ஒரே கலவையில் இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கென உள்ள தனிக் கரைசலையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கோடு போடும் முறை. ஐசோடைப் எதிர்ப்பொருளை வைத்துக் கோடு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் எதிர்ப்பொருள் மூலக்கூறிலும் எத்தனை சாய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்பது குப்பிக்குக் குப்பி மாறும். ஐசோடைப் குப்பியின் பின்னொளி உங்கள் சிசிஆர்7 குப்பியின் பின்னொளிக்குச் சமமாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. எஃப்எம்ஓ குழாய், அதாவது சிசிஆர்7 தவிர மற்ற பத்தும் போட்ட குழாய், மற்ற சாயங்களின் சிதறல் சிசிஆர்7 பக்கத்தில் எவ்வளவு பரவுகிறது என்பதைக் காட்டும். அதோடு இரத்தத்திலேயே இருக்கும் சாட்சிகளையும் பாருங்கள். இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் என்கே செல்களில் சிடி56 மிகுதியாக உள்ளவை சிசிஆர்7 கொண்டவை. சிடி56 குறைவாக உள்ளவை பெரும்பாலும் சிசிஆர்7 அற்றவை. இரண்டும் ஒரே குழாயில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். உங்கள் கோடு இந்த இரண்டுக்கும் நடுவே விழவில்லை என்றால், எஃப்எம்ஓ என்ன சொன்னாலும் நான் அந்தக் கோட்டை நம்ப மாட்டேன். தொகுப்பில் சிடி56 இல்லையென்றால், சிடி45ஆர்ஏ, சிடி27 இரண்டும் உள்ள சிடி8 செல்களை சிசிஆர்7 உள்ளவையாகவும், சிடி45ஆர்ஏ மட்டும் இருந்து சிடி27 இல்லாதவற்றை சிசிஆர்7 அற்றவையாகவும் எடுத்து ஒப்பிடலாம்.

நான்காவது, அளவு. குப்பியின் தாளில் உள்ள அளவு அவர்களுடைய செல் எண்ணிக்கைக்கும் அவர்களுடைய முறைக்கும் உரியது. எட்டுக் குழாய்களை எடுத்து, அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், உள்ள கூட்டத்துக்கும் இல்லாத கூட்டத்துக்கும் இடையிலான தூரத்தை, இல்லாத கூட்டத்தின் அகலத்தோடு வகுத்துப் பாருங்கள். அந்த எண் எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அதுவே உங்கள் அளவு. அதை 37 டிகிரியில்தான் செய்ய வேண்டும், 4 டிகிரியில் செய்துவிட்டு 37-க்கு மாறினால் பயனில்லை. எங்கள் கூடத்தில் ஒரு முறை புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தபோது பழைய அளவையே போட்டு மூன்று மாத மாதிரிகளை ஓட்டிவிட்டோம். புதிய குப்பி பழையதைவிட மங்கலானது என்று பின்னர்தான் தெரிந்தது. மைய நினைவு செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்று அதற்குள் ஒரு கூட்டத்தில் படமே காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு லாட்டும் மாறும்போது பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஒரே இரத்தத்தில் ஓட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

குளோனைப் பற்றிக் கேட்டீர்கள். மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தபின், என் அனுபவத்தில் ஜி043எச்7 சற்றே அகலமான இடைவெளி தருகிறது. ஜி043எச்7, 150503 இரண்டும் சுண்டெலியில் உருவானவை. 3டி12 அதைவிடப் பெரிய எலி இனமான ரேட்டில் (rat) உருவானது. வேறு எதிர்ப்பொருள்களுக்கு இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் பயன்படுத்தினால் மட்டும் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். சாயம் ஒட்டிய குப்பிகளை நேரடியாகப் போடும்போது இது பொருட்டல்ல.


பதில் 2
எழுதியவர்: ஏழுவளையம்

ஓட்டமானி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த ஏற்பிகளுக்கு நல்ல எதிர்ப்பொருள் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது புரிந்தால், நீங்கள் சேர்க்கப்போகும் மற்ற மூன்று ஏற்பிகளுக்கும் எதைக் கேட்டு வாங்குவது என்பது தானே விளங்கும். நான் புரத உயிர்வேதியியலில் வேலை செய்பவன். சவ்வுப் புரதங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன்.

கீமோகைன் ஏற்பி ஒவ்வொன்றும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிப் பின்னப்பட்ட ஒற்றைச் சரம். சிசிஆர்5-ஐ எடுத்துக்கொண்டால் மொத்தம் 352 அமினோ அமிலங்கள். அவற்றில் பெரும்பகுதி சவ்வுக்குள்ளும் செல்லுக்குள்ளும் மறைந்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முன்முனையும் மூன்று சிறு வளையங்களும் மட்டுமே. எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள இவ்வளவு சிறிய இடம்தான் இருக்கிறது. அந்த வளையங்களும் சவ்வில் சரியாக மடிந்திருக்கும்போதுதான் தங்களுக்குரிய வடிவத்தில் நிற்கும். சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் வடிவம் குலைந்துவிடும். அதனால்தான் இவற்றுக்கு எதிர்ப்பொருள் உருவாக்குபவர்கள், தூய்மைப்படுத்திய புரதத்தைவிட, ஏற்பியை மேற்பரப்பில் நிறையத் தாங்கிய முழுச் செல்களையே பெரும்பாலும் எலிக்குள் செலுத்துகிறார்கள். அப்போது எலியின் உடல் அந்தச் செல்லின் மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் உருவாக்கும். அவற்றிலிருந்து நமக்கு வேண்டிய ஒன்றைச் சலித்தெடுக்க வேண்டும்.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஒரே ஏற்பிக்கான இரண்டு குளோன்கள் அந்த ஏற்பியின் வெவ்வேறு பகுதிகளைப் பார்க்கலாம். சிசிஆர்5-க்கான 2டி7 இரண்டாம் வெளி வளையத்தைப் பற்றுகிறது. 3ஏ9 முன்முனையைப் பற்றுகிறது. சிஎக்ஸ்சிஆர்4-க்கான 12ஜி5 பிணைவதும் பெரிதும் இரண்டாம் வளையத்தையே சார்ந்தது. அங்கே சிஎக்ஸ்சிஎல்12 கீமோகைனோ பிளெரிக்ஸாஃபோர் மருந்தோ முன்னதாகவே அமர்ந்திருந்தால் 12ஜி5-க்கு இடம் கிடைக்காது. ஏற்பி அங்கேயே இருக்கும், படத்தில் மட்டும் இல்லாததுபோலத் தெரியும். நோயாளிகளின் மாதிரிகளில் வேலை செய்பவர்கள் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சிசிஆர்4-ஐக் குறிவைக்கும் மொகாமுலிசுமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்து பெற்றவரின் இரத்தத்தில் சிசிஆர்4 குறைந்திருப்பதாகத் தெரிந்தால், செல்கள் அழிந்தனவா அல்லது மருந்து ஏற்பியை மறைத்து நிற்கிறதா என்று கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது. முன்முனையில் உள்ள டைரோசின்களில் சல்பேட்டு ஏறியிருக்கிறதா இல்லையா என்பதுகூடச் சில குளோன்களின் பிணைப்பை மாற்றும்.

இனி, எதிர்ப்பொருள் உண்மையிலேயே அந்த ஏற்பியைத்தான் பார்க்கிறதா என்று சோதிப்பது. குப்பியோடு வரும் படத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சிறந்த சோதனை, ஏற்பி இல்லாத செல் வரிசை ஒன்றையும் அதே வரிசையில் ஏற்பி மரபணுவைப் புகுத்திய செல்களையும் அருகருகே ஓட்டுவது. சிசிஆர்5-க்கு இயற்கையே ஒரு சோதனையை வைத்திருக்கிறது: மரபணுவில் 32 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீங்கிய வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல் மேற்பரப்பில் சிசிஆர்5 இருக்காது. ஆனால் இது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் மாற்றம். சீன, மலாய், இந்திய மக்களே பெரும்பாலாக வாழும் நம் ஊரில் அப்படியொரு கொடையாளரைத் தேடிப் பிடிப்பது மிகவும் அரிது.

உங்கள் சிசிஆர்7-க்கு எளிய வழி ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. சிசிஆர்7-ஐப் பற்றும் கீமோகைன்கள் இரண்டு, சிசிஎல்19, சிசிஎல்21. இரண்டும் ஏற்பியோடு பிணைந்து செல்லை நிணநீர் முடிச்சை நோக்கி இழுப்பவை என்றாலும், ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துச் செல்வதில் சிசிஎல்19 வல்லது, சிசிஎல்21 அப்படியல்ல. செல்களின் ஒரு பங்கை சிசிஎல்19-உடன் 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, கழுவி, குளிரில் வைத்துக்கொண்டு சாயமேற்றுங்கள். இன்னொரு பங்கை கீமோகைன் இல்லாமல் இதேபோலச் செய்யுங்கள். சிசிஎல்19 பட்ட குழாயில் நைவ் செல்களின் சிசிஆர்7 ஒளி குறைய வேண்டும். சிடி45ஆர்ஏ-வின் ஒளி அப்படியே இருக்க வேண்டும். சிசிஆர்7 ஒளி அசையாமல் நின்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறெதையோ என்று பொருள். இந்தச் சோதனையில் மட்டும் சாயமேற்றுவதைக் குளிரில் செய்யச் சொல்வது, உள்ளே போன ஏற்பிகள் திரும்பி வந்து கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக.

சிஎக்ஸ்சிஆர்3, சிசிஆர்6, சிஎக்ஸ்சிஆர்5 மூன்றையும் உதவி டி செல்களின் வகைகளான டிஎச்1, டிஎச்17, நிணமுடிச்சு உதவி செல்கள் ஆகியவற்றைப் பிரிக்கத்தான் சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிஎக்ஸ்சிஆர்5-க்கு பி செல்களைச் சாட்சியாக வையுங்கள், இரத்தத்து பி செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கும். மூன்றுக்கும் பிரகாசமான சாயம் கொடுக்க இடம் போதாது. சிஎக்ஸ்சிஆர்5-க்கும் சிசிஆர்7-க்கும் முன்னுரிமை கொடுங்கள் என்பது என் கருத்து.


பதில் 3
எழுதியவர்: தேக்கா வாசகி

தம்பி, மேலே இருவரும் கருவியையும் எதிர்ப்பொருளையும் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் கேள்வியில் கண்ணில் பட்டது ஐஸ் பெட்டி. மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வெளியே 32 டிகிரி வெயில் அடிக்கிறது, இரத்தம் கெட்டுவிடும் என்று பயந்து ஐஸில் வைப்பது இந்த ஊரில் எல்லாரும் செய்வது. பிளாஸ்மாவில் சில வேதிப்பொருள்களை அளப்பதற்கு அது சரி. உயிருள்ள வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பதற்குச் சரியல்ல. குளிர்ந்த இரத்தத்தில் தட்டணுக்கள் தூண்டப்பட்டு வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொள்ளும். ஃபைகாலின் அடர்த்தி அறை வெப்பநிலைக்கு என்று கணக்கிடப்பட்டது. குளிர்ந்த இரத்தத்தை அதன்மேல் ஊற்றினால் நடுவில் நிற்கும் வெண்ணிற வளையம் தெளிவாக வராது, சிவப்பணுக்களும் அதனோடு கலந்து வரும். கெட்டித் தெர்மோகோல் பெட்டியில், முந்தைய இரவே 22 டிகிரி அறையில் வைத்து எடுத்த ஜெல் பொட்டலங்களை இரு பக்கமும் அடுக்கி, நடுவே குழாய்களை நிமிர்த்தி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். விரைவுச்சாலையில் நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாலும் உள்ளே பெரிதாக மாறாது. வாடகைக் காரின் பின்பெட்டியில் மட்டும் வைக்க விடாதீர்கள், இருக்கையில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆய்வுக்கூடத்துச் சென்ட்ரிஃபியூஜை உங்களுக்கு முன் பயன்படுத்தியவர் 4 டிகிரியில் விட்டுப் போயிருப்பார். ஓட்டுவதற்கு அரைமணி முன்பே 20 டிகிரிக்கு மாற்றி, மூடியைத் திறந்து கையை உள்ளே வைத்துப் பாருங்கள். திரையில் 20 என்று காட்டினாலும் உலோகச் சுழலி வெகுநேரம் குளிராகவே இருக்கும். எடுக்கும் குழாயின் வகையையும், எடுத்த நேரத்துக்கும் பிரித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதி வையுங்கள். ஹெப்பாரின் குழாயில் தொடங்கினால் கடைசி வரை ஹெப்பாரின் குழாயாகவே இருக்கட்டும்.


பதில் 4
எழுதியவர்: நிணமுடிச்சு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், முடிவோடு வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

புதிய குளோன் எதுவும் வாங்கவில்லை. அதே 150503 குளோனை எங்கள் தளத்தில் பக்கத்துக் குழு பிஇ சாயத்துடன் வைத்திருந்தது. கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன். தன்னார்வலர் ஒருவரின் இரத்தம், அறை வெப்பநிலையில் வந்தது. ஒரு குழாயில் என் பழைய முறை, இன்னொன்றில் 37 டிகிரியில் 20 நிமிடம் சிசிஆர்7 மட்டும் முதலில். பழைய குழாயில் வழக்கமான அதே சரிவு. இரண்டாவது குழாயின் படம் திரையில் நிரம்பத் தொடங்கியபோது, முதல் சில ஆயிரம் செல்களிலேயே இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரிந்தன. பக்கத்து மேசையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிடி45ஆர்ஏ உள்ள சிடி4 செல்கள் ஏறக்குறைய எல்லாமே சிசிஆர்7 மேட்டின் மீது நின்றன. தொகுப்பில் சிடி56-ஐயும் சேர்த்திருந்தேன். என்கே செல்களின் இரண்டு கூட்டங்களும் ஓட்டமானி சொன்னபடியே கோட்டின் இரு பக்கமும் நின்றன.

சிசிஎல்19 சோதனையும் செய்தேன். நைவ் செல்களின் சிசிஆர்7 ஒளி தெளிவாக இறங்கியது, சிடி45ஆர்ஏ அசையவில்லை. சென்ட்ரிஃபியூஜின் சுழலியைத் தொட்டுப் பார்த்தேன், தேக்கா வாசகி அக்கா சொன்னதுபோலச் சில்லென்றுதான் இருந்தது.

முதியவர் ஒருவரின் மாதிரியையும் இதே முறையில் ஓட்டினேன். அவருடைய சிடி8 செல்களில் சிசிஆர்7 அற்ற முதிர்ந்த செயல் செல்கள் மிகுதியாகவே இருந்தன. ஆனால் இப்போது அது தனிக் கூட்டமாக நிற்பதால், அது அவருடைய உடலில் உள்ள நிலை என்று என்னால் சொல்ல முடிகிறது.

ஒரு கவலை மீதம் இருக்கிறது. பழைய முறையில் ஏற்கெனவே ஓட்டி முடித்த மாதிரிகள் நாற்பதுக்கு மேல் உள்ளன. கோப்புகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொருவரின் செல்களும் திரவ நைட்ரஜனில் ஒரு குப்பி இருக்கிறது. அந்தத் தரவை மீட்க வழி உண்டா?


பதில் 5
எழுதியவர்: ஓட்டமானி

மிக்க மகிழ்ச்சி. பழைய கோப்புகளில் உள்ள சிசிஆர்7-ஐ எந்தக் கணக்கீட்டாலும் மீட்க முடியாது. ஏற்றாத சாயத்தை மென்பொருள் கொண்டுவராது. ஆனால் அந்தத் தொகுப்பில் சிடி27 இருந்திருந்தால், சிடி45ஆர்ஏ-வையும் சிடி27-ஐயும் வைத்து மறுபடியும் கேட் போடலாம். நைவ் செல்களும் முதிர்ந்த செயல் செல்களும் ஓரளவு நம்பகமாகக் கிடைக்கும். மைய நினைவையும் செயல் நினைவையும் அதில் பிரிக்கப் பார்க்காதீர்கள், சிசிஆர்7 இழந்த பின்னும் சிடி27-ஐ வைத்திருக்கும் நினைவு செல்கள் நிறைய உண்டு.

உறைந்த குப்பிகளைப் புதிய முறையில் ஓட்டலாம், ஆனால் உருக்கிய உடனே சாயமேற்றாதீர்கள். கழுவி, வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். இரவு முழுவதும் விட்டால் சிஎக்ஸ்சிஆர்4 போன்றவை தாமாகவே ஏறிவிடும் என்பதால் எல்லா மாதிரிக்கும் ஒரே நேர அளவை வையுங்கள். இறந்த செல்களைக் காட்டும் சாயம் கட்டாயம் வேண்டும். சிடி62எல்-ஐ மாற்றாக வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். உறையவைத்து உருக்கும்போது செல்கள் அதை உதிர்த்துவிடுகின்றன, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நாற்பதையும் எடுக்கும் முன், உங்கள் தன்னார்வலர்கள் ஐந்து பேரின் இரத்தத்தைப் பாதி புதியதாகவும் பாதி உறையவைத்தும் ஓட்டி, இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபாடு எல்லாரிடமும் ஒரே பக்கமாகவும் சிறிதாகவும் இருந்தால் குப்பிகளைத் திறக்கலாம். அந்தப் படங்கள் கிடைத்ததும் இங்கே சொல்லுங்கள், கோடு எங்கே போடுவது என்று சேர்ந்தே பார்ப்போம்.